வெளிநாட்டில் ஒரு தலைவரின் முகம் என்ன வேலை பார்க்கிறது?

வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை பக்கம் வாக்காளர் பட்டியலை யாராவது பொறுமையாக உட்கார்ந்து படித்தால் சோவியத் யூனியனின் பாதி வரலாறு கிடைத்துவிடும். லெனின் இருப்பார், ஸ்டாலின் இருப்பார், தேடினால் ஒரு காகரினும் வாலண்டினாவும் மாட்டலாம். ரோட்டில் இறங்கினால் ஆட்டோ முதுகில் சே குவேரா. எங்கள் பக்கத்து ஸ்டாண்டில் ஒரு ஆட்டோ அண்ணனிடம் கியூபா எங்கே இருக்கிறது என்று விளையாட்டாகக் கேட்டேன். "அமெரிக்காவுக்குப் பக்கத்துலயே குந்திக்கினு, அவனையே எதுத்துக்கினு கீது நைனா" என்றார். டிவி விவாதத்தில் ஒரு மணி நேரம் பேசுகிறவர்கள் சொல்வதைவிட இது தெளிவாகத்தான் இருக்கிறது.

இதில் ஒரு விஷயம் கவனிக்கணும். லெனினை இங்கே கொண்டுவந்து சேர்க்க மாஸ்கோ நிறையச் செலவு செய்தது. முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா என்று அங்கேயே தமிழில் அச்சடித்துக் கப்பலில் அனுப்பினார்கள், நியூ செஞ்சுரி புத்தக நிறுவனம் அதைத் தள்ளுவண்டி விலைக்கு விற்றது. 'சோவியத் நாடு' பத்திரிகையின் வழுவழுத் தாளில் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்ட தலைமுறை இன்னும் நம்மோடுதான் இருக்கிறது. சேவின் முகத்துக்கோ கியூபா இந்த ஊரில் செலவு செய்ததாகச் சொல்லவே முடியாது. அந்தப் படத்தை கியூபா புகைப்படக்காரர் கோர்டா எடுத்தது 1960 மார்ச்சில். 1967இல் சே கொல்லப்பட்ட பிறகு இத்தாலியப் பதிப்பாளர் ஃபெல்ட்ரிநெல்லி போஸ்டராக அடித்து உலகமெங்கும் பரவவிட்டார். அதற்கப்புறம் அது தானாகவே ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது. ஒரு நாடு காசு போட்டு அனுப்பிய முகம், இன்னொன்று தானாக வந்த முகம். இந்த முகங்களால் அந்தந்த நாடுகளுக்கு என்ன லாபம்?

முதலில் லெனின். சோவியத் பணம்தான் அவரை வடசென்னைக்குக் கொண்டுவந்தது என்று நினைத்தால் தப்பு. 1918இலேயே பெரம்பூரில் மில் தொழிலாளர்கள் சென்னைத் தொழிலாளர் சங்கம் அமைத்துவிட்டார்கள். 1921இல் பி அண்ட் சி மில் வேலைநிறுத்தம், புளியந்தோப்புக் கலவரம். 1923இல் சிங்காரவேலர் உயர் நீதிமன்றத்துக்கு எதிரே கடற்கரையில் மே தினம் கொண்டாடினார், இந்தியாவிலேயே முதல் தடவையாக. இங்கே இருந்தவர்களுக்கு முதலாளிக்கு எதிராக நின்று ஜெயித்த ஒருத்தர் தேவைப்பட்டார், லெனின் கிடைத்தார். புத்தகக் கப்பல் வந்ததெல்லாம் அதற்கு முப்பது வருஷம் கழித்துத்தான். ஏற்கெனவே இருந்த பாசத்தை அது பெருக்கியது, அவ்வளவுதான்.

அந்தப் பாசம் மாஸ்கோ சொன்னபடி ஆடியதா என்றால், இல்லை. 1953 மார்ச் 1ஆம் தேதி கருணாநிதிக்குப் பையன் பிறக்கிறான், நாலு நாளில் மாஸ்கோவில் ஸ்டாலின் இறக்கிறார், பையனுக்கு அந்தப் பேர். மூன்றே வருஷத்தில் அடுத்து வந்த சோவியத் தலைவர் குருஷேவ் ஸ்டாலினைக் கிழிகிழியென்று கிழித்துக் கட்சி மாநாட்டில் பேசுகிறார், 1961இல் ஸ்டாலின்கிராடு நகரத்தின் பேரையே வோல்கோகிராடு என்று மாற்றுகிறார்கள். இங்கே யாரும் பிள்ளைக்குப் பேர் மாற்றவில்லை. பேரை அனுப்பிய நாடே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டாலும் வாங்கிய ஊர் கொடுக்கவில்லை.

அப்படியானால் அந்த நாட்டு அரசாங்கத்துக்கு இதில் என்னதான் கிடைக்கிறது? எனக்குப் புரிந்தவரை தலைவரின் முகம் ஒரு சிபாரிசுக் கடிதம் மாதிரி. உள்ளே விடுவார்கள், உட்காரச் சொல்வார்கள், வேலை கிடைப்பது வேறு கணக்கு. ஆனால் அந்த உள்ளே விடுவதற்கும் ஒரு மதிப்பு உண்டு. 1955 கடைசியில் குருஷேவும் சோவியத் பிரதமர் புல்கானினும் இந்தியா முழுக்கச் சுற்றினார்கள், போன இடமெல்லாம் கூட்டம். ஸ்ரீநகரில் நின்றுகொண்டு காஷ்மீர் இந்தியாவைச் சேர்ந்தது என்று குருஷேவ் சொன்னார், 1957இல் ஐ.நா.வில் அதற்காக வீட்டோவும் போட்டார்கள். 1971 ஆகஸ்ட்டில் இந்திரா காந்தி அரசு சோவியத் யூனியனோடு நட்புறவு ஒப்பந்தம் போட்டபோது, வெளிநாட்டுக்காரனோடு எதற்கு இவ்வளவு நெருக்கம் என்று ஊரில் பெரிய எதிர்ப்பு எழவில்லை. வங்கதேச நெருக்கடி கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது முதல் காரணம், வருஷக்கணக்காக ஜனங்கள் மனசில் பதிந்திருந்த அந்த முகங்கள் இரண்டாவது காரணம். வேறு நாட்டோடு கை கோக்கிற ஒரு பிரதமர் தன் சொந்த ஜனத்துக்குப் பதில் சொல்லணும் இல்லையா, அந்தப் பதிலைச் சுலபமாக்கித் தருவதுதான் முகம் பார்க்கிற வேலை. ஆயுதமும் எண்ணெயும் கடனும் தனியாகப் பேசப்படும்.

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் எலிசபெத் ராணி. 1961 பிப்ரவரியில் மெட்ராஸுக்கும் வந்து போனவர், அதே வருஷம் நவம்பரில் கானாவுக்குப் போனார். கானா பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்று நாலு வருஷம்தான் ஆகியிருந்தது, அதிபர் என்க்ரூமா சோவியத் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தார். ராணி போவதற்குச் சில நாள் முன்னால் அக்ராவில் குண்டு வெடித்தது. போகாதே என்று லண்டனில் ஏகப்பட்ட பேர் சொன்னார்கள், அவர் போனார். விருந்தில் என்க்ரூமாவோடு நடனம் ஆடினார், அந்தப் போட்டோ உலகமெல்லாம் போனது. நேற்றுவரை ஆண்டவர்களின் ராணி கறுப்பின அதிபரின் கையைப் பிடித்து ஆடுவது அந்தக் காலத்தில் எப்படிப்பட்ட படம் என்று யோசித்துப் பாருங்கள், தென்னாப்பிரிக்க வெள்ளைக்காரர்கள் கொதித்தே போனார்கள். ராணி திரும்பியதும் பிரதமர் மாக்மில்லன் அமெரிக்க அதிபர் கென்னடிக்குப் போன் போட்டு, நான் என் ராணியைப் பணயம் வைத்தேன், நீங்கள் உங்கள் பணத்தை வையுங்கள் என்கிற பொருளில் பேசினார். வோல்டா ஆற்றில் அணை கட்ட என்க்ரூமா கேட்டுக்கொண்டிருந்த கடனுக்கு அமெரிக்கா டிசம்பரில் சம்மதித்தது. கானா காமன்வெல்த்திலேயே இருந்தது. ஒரு நடனம், ஒரு அணை, பிரிட்டனுக்குத் தன் கையிலிருந்து பெரிதாகச் செலவும் இல்லை. முகத்தை வைத்துக் காரியம் சாதிப்பது என்றால் இதுதான். ஆனால் இங்கேயும் பாருங்கள், அணை என்க்ரூமாவுக்குத் தேவைப்பட்டது. அது தேவைப்படாத ஒருவரோடு ராணி விடிய விடிய ஆடியிருந்தாலும் ஒன்றும் நடந்திருக்காது. (அணை 1966 ஜனவரியில் திறந்தது, அடுத்த மாதமே ராணுவம் என்க்ரூமாவைக் கவிழ்த்துவிட்டது. அது தனிக் கதை.)

அமெரிக்கர்கள் இதை ஒரு இலாகாவாகவே நடத்தினார்கள். அமெரிக்கத் தகவல் நிறுவனம் என்று ஒன்று இருந்தது, கென்னடி கொல்லப்பட்ட பிறகு அவரைப் பற்றி வெளிநாட்டில் காட்டுவதற்காகவே ஒரு முழுநீளப் படம் எடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால் அந்த நிறுவனம் எடுப்பதை அமெரிக்காவுக்குள் போடக்கூடாது என்று சட்டம். சொந்த நாட்டில் அந்தப் படத்தை வெளியிட அவர்கள் நாடாளுமன்றமே தனியாக அனுமதி கொடுக்க வேண்டியிருந்தது. ஏற்றுமதிக்கென்றே செய்த தலைவர் பிம்பம்! லத்தீன் அமெரிக்காவில் அது எடுபட்டது, ஆனால் படத்தால் மட்டுமல்ல. கொலம்பியாவின் போகோட்டாவில் 1961 டிசம்பரில் கென்னடியே வந்து ஏழைகளுக்கான குடியிருப்புத் திட்டத்துக்கு அடிக்கல் வைத்தார், அமெரிக்க உதவியோடு வீடுகள் வந்தன, அவர் இறந்ததும் அந்தப் பகுதிக்கே கென்னடி நகர் என்று பேர் வைத்துக்கொண்டார்கள். இன்றைக்கும் அதுதான் பேர். குடிசை மாற்று வாரிய வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை, தலைக்கு மேல் கூரை போட்டுக் கொடுத்தவர் படம் சுவரில் ஏறத்தான் செய்யும்.

சரி, நம்ம பெரம்பூருக்கு வருவோம். ஐ.சி.எஃப். தொழிற்சாலையை நேரு 1955 அக்டோபர் 2ஆம் தேதி திறந்துவைத்தார். அடுத்த வருஷம் டிசம்பரில் சீனப் பிரதமர் சூ என் லாய் அங்கே வந்து ரயில் பெட்டி செய்வதைச் சுற்றிப் பார்த்தார், மாமல்லபுரத்துக்கும் போனார். இந்தியாவும் சீனாவும் அண்ணன் தம்பி என்று கோஷம் போட்டுக்கொண்டிருந்த காலம். சூ என் லாய் பார்க்க லட்சணமானவர், அளந்து பேசுவார், 1955 பாண்டுங் மாநாட்டிலேயே ஆசிய ஆப்பிரிக்கத் தலைவர்களின் பயத்தைப் போக்கிவிட்டுப் போனவர். செஞ்சீனா என்றால் பூச்சாண்டி என்று மேற்கு நாடுகள் சொல்லிக்கொண்டிருந்தபோது அந்த ஒரு முகம் பூச்சாண்டியைத் துடைத்தது, அதுதான் சீனாவுக்கு அவர் செய்த வேலை. நேருவுக்கும் தன் தொழிற்சாலையைக் காட்ட ஒரு பெரிய விருந்தாளி தேவைப்பட்டார். ஆறு வருஷத்தில், 1962இல், எல்லையில் போர். இந்தியா உரிமை கோரும் அக்சாய் சின்னில் சீனா போட்ட ரோடு, சூ என் லாய் பெரம்பூருக்கு வந்து போன காலத்திலேயே மலைக்கு மேலே வேலை நடந்துகொண்டிருந்த ரோடு.

2019 அக்டோபரில் அதே மாமல்லபுரம், இந்தத் தடவை ஷி ஜின்பிங். மோடி வேட்டி, வெள்ளைச் சட்டை, தோளில் அங்கவஸ்திரத்தோடு அர்ச்சுனன் தபசுக்குப் பக்கத்தில் நின்றார். அந்த வேட்டி ஷிக்காகக் கட்டியதா, நமக்காகக் கட்டியதா என்று அன்றைக்கு எங்கள் டீக்கடையில் பெரிய வாக்குவாதம் ஓடியது. ரெண்டு பேருக்கும் சேர்த்துத்தான் என்பது என் எண்ணம், பங்கு பிரித்தால் நம் பக்கம் கொஞ்சம் அதிகம். 2020 ஜூன் 15 ராத்திரி எல்லையில் கல்வானில் சீனப் படையோடு நடந்த மோதலில் 20 இந்திய வீரர்கள் இறந்தார்கள். அந்த மாசக் கடைசியிலேயே டிக்டாக் உட்பட 59 சீன ஆப்களுக்குத் தடை, வடசென்னைப் பசங்களின் டான்ஸ் வீடியோவெல்லாம் ஒரே ராத்திரியில் காணாமல் போனது. ஆனால் பர்மா பஜாரில் சீன சார்ஜர் விற்பது நிற்கவில்லை, 2021இல் ரெண்டு நாட்டு வர்த்தகமும் முதல் தடவையாக 10,000 கோடி டாலரைத் தாண்டியது. கடற்கரைக் கோயில் பின்னணியில் எடுத்த போட்டோ சண்டையையும் தடுக்கவில்லை, சண்டையும் வியாபாரத்தைத் தடுக்கவில்லை.

ஒபாமாவையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். பியூ ஆய்வு மையத்தின் கணக்கில் ஜெர்மனியில் அமெரிக்கா மேல் நல்லெண்ணம் 2008இல் 31 சதவீதம், அவர் பதவிக்கு வந்த 2009இல் 64. ஆப்கானிஸ்தானுக்கு இன்னும் படை அனுப்புங்கள் என்று அதே வருஷம் அவர் ஐரோப்பாவிடம் கேட்டபோது கைதட்டல் நிறைய வந்தது, வீரர்கள் கொஞ்சம்தான் வந்தார்கள், அதிலும் பலர் தேர்தல் பாதுகாப்புக்கும் பயிற்சிக்கும் என்று தற்காலிகமாக.

சில சமயம் தலைவருக்குத் தன் முகம் போதாது, இரவல் முகம் வாங்குவார். இந்தக் கதை பாக்சிங் கிளவுஸ் மாட்டி வளர்ந்த வடசென்னைக்காரர்களுக்குப் பாதி தெரியும். 1980 தொடக்கத்தில் முகமது அலி மெட்ராஸுக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார், எம்.ஜி.ஆர். வரவேற்றார், அதைப் பார்த்த பெரியவர்கள் ராயபுரம் பக்கம் இன்றைக்கும் அதைப் பற்றி நேற்று நடந்த மாதிரி பேசுவார்கள். தெரியாத பாதி இது. சோவியத் படை ஆப்கானிஸ்தானில் நுழைந்ததால் மாஸ்கோ ஒலிம்பிக்கைப் புறக்கணிக்கணும் என்று அதிபர் கார்ட்டர் ஆள் சேர்த்துக்கொண்டிருந்தார். ஆப்பிரிக்கத் தலைவர்களிடம் தன் பேச்சு எடுபடாது, அலி பேச்சு எடுபடும் என்று கணக்குப் போட்டு, இந்தியப் பயணத்தில் இருந்த அலியையே பிடித்து அமெரிக்க அரசு விமானத்தில் ஏற்றி ஐந்து ஆப்பிரிக்க நாடுகளுக்கு அனுப்பினார். முதல் ஊர் தான்சானியா. அதிபர் நைரேரே அவரைப் பார்க்கவே மறுத்துவிட்டார், நாட்டு விஷயம் பேச ஒரு குத்துச்சண்டைக்காரரை அனுப்புவதா என்று கோபம். நிருபர்கள் கேட்டார்கள், தென்னாப்பிரிக்காவோடு ரக்பி ஆடிய நியூசிலாந்தை எதிர்த்து 1976இல் நாங்கள் மான்ட்ரியல் ஒலிம்பிக்கைப் புறக்கணித்தபோது உங்கள் அமெரிக்கா எங்கே போயிருந்தது? அலிக்கு அந்த விஷயமே தெரியாது. தெரிந்திருந்தால் வந்திருக்கவே மாட்டேன் என்கிற அளவுக்குப் பேசிவிட்டார். நைஜீரியாவும் மசியவில்லை. போகிற இடமெல்லாம் ஜனங்கள் அலியைக் கொண்டாடினார்கள், கார்ட்டர் கேட்டது மட்டும் பெரிதாகக் கிடைக்கவில்லை. வியட்நாமுக்குப் போகமாட்டேன் என்று அமெரிக்க அரசை எதிர்த்ததால்தான் அவர்களுக்கு அலியைப் பிடித்தது, அந்த அலி அமெரிக்க அரசின் வேலையாக வந்து நின்றால் யாருக்குப் பிடிக்கும்! இந்தியாவும் மாஸ்கோ போனது, நம்ம பாஸ்கரன் தலைமையில் ஹாக்கித் தங்கத்தோடு திரும்பியது.

சேவின் கதையும் இதே ரகம்தான். 1959இல் அவர் இந்தியாவுக்கு வந்தது புரட்சி செய்ய அல்ல, கியூபா அரசின் தூதராக, சர்க்கரைக்குச் சந்தை தேடி. அப்போது இங்கே பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. செத்த பிறகுதான் அந்த முகம் வேலை செய்யத் தொடங்கியது. சோவியத் உடைந்து கியூபா பட்டினியில் கிடந்த 1992இல் மார்க்சிஸ்ட் கட்சிக்காரர்கள் 10,000 டன் கோதுமை திரட்டிக் கப்பலில் அனுப்பினார்கள். எந்தத் தூதரகமும் போட்ட திட்டத்தில் இவ்வளவு கோதுமை வந்திருக்காது. ஆனால் எப்போது வரும், எவ்வளவு வரும் என்று கியூபா கணக்குப் போட்டு வைத்திருக்கவும் முடியாது.

நம் நாடு ஏற்றுமதி செய்கிற முகம் காந்தி. வெளிநாட்டில் ஒரு காந்தி சிலை திறக்கிறார்கள் என்றால் நான் இப்போதெல்லாம் பக்கத்துச் செய்தியையும் சேர்த்துப் படிப்பேன். லண்டன் நாடாளுமன்றச் சதுக்கத்தில் காந்தி சிலை வைக்கப்போகிறோம் என்று பிரிட்டிஷ் அமைச்சர்கள் 2014 ஜூலையில் டெல்லிக்கு வந்து அறிவித்தார்கள். அதே பயணத்தில்தான் இந்திய விமானப்படைக்கு 25 கோடி பவுண்டுக்கு ஏவுகணை விற்கும் ஒப்பந்தமும் பேசப்பட்டது. அகிம்சைக்குச் சிலை, விமானத்துக்கு ஏவுகணை. இதில் காந்தியின் முகம் இந்தியாவுக்கு வேலை பார்த்ததா பிரிட்டனுக்கா? பிரிட்டனுக்குத்தான் என்பேன், கொஞ்சமும் தயங்காமல். 2016இல் பிரணாப் முகர்ஜி கானா பல்கலைக்கழகத்தில் ஒரு காந்தி சிலையைத் திறந்தார், சில மாதத்திலேயே அங்கத்திய பேராசிரியர்கள் எதிர்ப்பு மனு போட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் இருந்த தொடக்க காலத்தில் கறுப்பின மக்களைப் பற்றி அவர் எழுதியதை எடுத்துக் காட்டினார்கள், 2018 டிசம்பரில் சிலை அகற்றப்பட்டது. ஆப்பிரிக்காவில் சீனாவோடு போட்டி போட டெல்லி அனுப்பிய அதே முகம், அங்கே வேறு ஒரு கணக்கைக் கிளறிவிட்டது. ஒரு தலைவருக்கு உள்நாட்டில் கேட்கப்படாத கேள்வியை வெளிநாட்டில் கேட்பார்கள், சிலையை அனுப்புகிற அதிகாரிகள் அதற்குப் பதில் எழுதி வைத்திருப்பதில்லை. காந்தியை அம்பேத்கர் கேட்ட கேள்விகளைக் கேட்டு வளர்ந்த புளியந்தோப்புப் பையனுக்கு அக்ராவில் நடந்தது புரியும், வெளியுறவுத் துறைக்குத்தான் அது அதிர்ச்சி.

எதிர்த்திசையிலும் வண்டி ஓடும். லீ குவான் யூவுக்கு மன்னார்குடியில் நினைவுச் சின்னம் வைப்போம் என்று 2023 மே மாதம் சிங்கப்பூரில் நின்று ஸ்டாலின் அறிவித்தார். டெல்டாவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன குடும்பங்களுக்கு லீ மேல் இருக்கிற நன்றி நிஜமானது, 2015இல் அவர் இறந்தபோது அந்தப் பக்கமெல்லாம் போஸ்டர் ஒட்டினார்கள். முதலமைச்சர் அப்போது போனதோ முதலீடு திரட்ட. அவர்கள் தலைவரின் முகத்தை நாம் எடுத்து அவர்களிடமே காரியத்துக்குப் பயன்படுத்துகிறோம், சிங்கப்பூர் அரசு ஒரு காசு செலவழிக்கவில்லை, அவர்களுக்கும் இது நல்லதுதான்.

இதற்கு நேர் எதிர் வடகொரியா. 1970களில் கிம் இல் சுங் படத்தோடு நியூயார்க் டைம்ஸ் உட்பட உலகப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக விளம்பரம் வாங்கிப் போட்டார்கள். எந்த ஊரிலும் யாரும் பிள்ளைக்குக் கிம் என்று பேர் வைத்ததாகத் தெரியவில்லை. ஆனால் அது வெறும் வீண் செலவு என்று சொல்லிவிட முடியாது. வெளிநாட்டிலிருந்து வந்த பரிசுகளையெல்லாம் மலையடிவாரத்தில் ஒரு பெரிய மண்டபம் கட்டி அடுக்கி, உலகமே நம் தலைவரை மதிக்கிறது என்று சொந்த ஜனத்துக்குக் காட்டுகிறார்கள். அந்தப் பிம்பத்தின் வாடிக்கையாளர் உள்ளூரிலேயே இருந்தார். இதைப் பார்த்துச் சிரிக்கிற நாமும் கொஞ்சம் யோசிக்கலாம், வெளிநாட்டுத் தலைவரோடு கைகுலுக்கிய படத்தைத் தெருமுனை ஃபிளெக்ஸில் போடாத கட்சி இங்கே எது? 2019 செப்டம்பரில் ஹூஸ்டனில் 50,000 பேர் முன்னால் மோடியும் டிரம்ப்பும் கைகோத்தார்கள், 2020 பிப்ரவரியில் அகமதாபாத்தில் இன்னும் பெரிய கூட்டம். ரெண்டு பேரும் தங்கள் தங்கள் வாக்காளருக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு போனார்கள். 2025 ஆகஸ்ட்டில் அதே டிரம்ப் இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டார், அதில் பாதி ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்கான தண்டனை. இறால் ஏற்றுமதி செய்கிறவர்களும் திருப்பூர் பனியன்காரர்களும் தவித்தபோது ஹூஸ்டன் போட்டோவைக் காட்டி எந்தத் தள்ளுபடியும் வாங்க முடியவில்லை.

இப்போதைய காலத்தில் முகத்தை வைத்து அதிகம் சாதித்தவர் என்றால் உக்ரைனின் ஜெலன்ஸ்கிதான். 2022இல் பச்சை டி-ஷர்ட்டோடு, ஷேவ் பண்ணாத முகத்தோடு ஒவ்வொரு நாட்டு நாடாளுமன்றத்திலும் வீடியோவில் தோன்றினார். ஐரோப்பிய அரசுகளுக்கு ரஷ்யாவைப் பார்த்து ஏற்கெனவே பயம் இருந்தது, ஆயுதம் கொடுக்கவும் வேண்டும், அதற்குத் தங்கள் ஜனத்தைச் சம்மதிக்க வைக்கவும் வேண்டும், அந்த டி-ஷர்ட் அவர்களுக்குக் கைகொடுத்தது. வாஷிங்டனில் ஆள் மாறியதும் 2025 பிப்ரவரியில் அதே மாதிரி சூட் இல்லாத உடையே குற்றமாகிப் போனது. வெள்ளை மாளிகையில் ஒரு நிருபர் எழுந்து ஏன் சூட் போடவில்லை என்று கேட்டார், பேச்சு சண்டையில் முடிந்தது, சாப்பாடுகூடப் போடாமல் அனுப்பிவிட்டார்கள். ஆகஸ்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு மறுபடி போனார். அதே நிருபர் நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார், டிரம்ப்பும் பாராட்டினார். அவர் கேட்டுப் போன பாதுகாப்பு உத்தரவாதத்தில் அன்றைக்கு யாரும் கையெழுத்துப் போடவில்லை.